பட்டியைக் காக்க நாய்க்குத் தடுப்பூசி



சென்னிமலை, காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் மழை பொய்த்த ஆண்டிலும் குடும்பத்தைத் தாங்குவது கொறங்காடும் அதில் மேயும் செம்மறி ஆடுகளும்தான். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் இப்பகுதிப் பட்டிகளில் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் கொன்றதும், உழவர்கள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் நாம் அறிந்ததே. இறந்த ஆடுகளின் கணக்கு அன்றே தெரிந்துவிடும். கடிபட்டுப் பிழைத்த ஆடுகளுக்கும், அவற்றின் காயத்தைத் தொட்ட கைகளுக்கும் வெறிநோய் வருமா என்பது பல வாரங்கள் கழித்தே தெரியும். அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்து இல்லை. ஆனால் வருமுன் காக்க நல்ல வழி உண்டு.

நோய் பரவும் விதம்

வெறிநோய்க் கிருமி நோயுற்ற நாயின் உமிழ்நீரில் இருக்கிறது. கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியாக மெல்ல மூளையை அடைகிறது. இதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். இந்த இடைவெளியில் தடுப்பூசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம்.

நாய்களைக் கொன்றால் தீருமா?

தீராது. ஓரிடத்து நாய்களை ஒழித்தால், அங்குள்ள எச்சில் உணவைத் தேடி வேற்றூர் நாய்கள் வந்து சேரும். புதிய குட்டிகளும் பெருகும். இவற்றில் எதற்கும் தடுப்பூசி போட்டிருக்காது. விஷம் வைத்துக் கொல்வது சட்டப்படி குற்றமும் ஆகும். தடுப்பூசி போட்ட நாய் ஊரில் இருப்பது, வெறிநோய்க்கு வேலி கட்டியது போலாகும்.

ஓர் ஊரில் 100 நாய்கள் இருந்தால் அவற்றில் 70 நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போட வேண்டும் என்பது ஆய்வுகளில் கண்ட அளவு. ஆண்டுக்குள் சில நாய்கள் இறக்கும், குட்டிகள் பிறக்கும். அந்தக் குறைவையும் சேர்த்தே இந்த அளவு வகுக்கப்பட்டது.

கோவா மாநிலத்தில் இம்முறையைச் செய்து பார்த்தனர். வீட்டு நாய்களுக்கும், வலை வீசிப் பிடித்த தெருநாய்களுக்கும் ஊசி போட்டனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோயைப் பற்றிக் கற்பித்தனர். 2022-இல் வெளியான ஆய்வின்படி அங்கு மனிதரிடையே வெறிநோய் இறப்பு நின்றது. நாய்களில் மாதந்தோறும் கண்ட நோய் 92 விழுக்காடு குறைந்தது.

மருந்தும் வெப்பமும்

தடுப்பு மருந்தைக் குளிர்பெட்டியில் வைப்பதே முறை. தான்சானியா நாட்டில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், நாய்களுக்கான ஒரு தடுப்பு மருந்து 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஆறு மாதம், 30 டிகிரியில் மூன்று மாதம் இருந்த பின்னும் வீரியம் குறையாமல் வேலை செய்தது. மின்வசதி குறைந்த தொலைவூர்களுக்கு இது நல்ல செய்தி. ஆயினும் நம் பகுதிக் கோடை வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். எல்லா மருந்துகளும் ஒன்றும் அல்ல. எனவே மருந்தைப் பனிக்கட்டியோடு கொண்டுவருவதே நமக்கு ஏற்றது.

செய்ய வேண்டியவை

1. தோட்டத்து நாய்க்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று போடுங்கள். போட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

2. ஊரார் கூடி, தோட்ட நாய், தெருநாய் எல்லாவற்றையும் எண்ணிக் கணக்கெடுங்கள். கால்நடை மருத்துவரை அணுகி, ஊருக்கே ஒரே நாளில் முகாம் நடத்தக் கேளுங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள். அதையொட்டி முகாம் வைக்கலாம்.

3. செத்த ஆடு, கோழிக் கழிவுகளைத் திறந்த வெளியில் எறியாமல் ஆழக் குழியில் புதையுங்கள். தெருநாய்க்கு இறைச்சி ருசி பழகுவதும், கூட்டம் சேருவதும் இதனால்தான்.

4. கடிபட்ட ஆடு மாடுகளின் காயத்தை, கையுறை அணிந்து, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முதல் ஊசி போடும் நாளை 0 எனக் கொண்டு 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் ஊசி போடப்படும். இரண்டு ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

5. மாடு எச்சில் ஒழுக நின்று, தண்ணீர் விழுங்க முடியாமல், குரல் கரகரத்துக் கத்தினால் தொண்டையில் ஏதோ சிக்கியது என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநோய்க்கும் இவையே அறிகுறிகள். தனியே கட்டி மருத்துவரை அழையுங்கள். அதன் பாலைப் பயன்படுத்தாதீர்கள்.

6. மனிதரைக் கடித்தாலும் காயத்தை இதேபோல் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடித்த நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனிப்பது நல்லது. ஆனால் அதுவரை ஊசி போடாமல் காத்திருக்க வேண்டாம்.

பட்டிக்கு வேலி அடைப்பது ஓர் உழவர் தனியே செய்யும் வேலை. வெறிநோய்க்கு வேலி அடைப்பது ஊரே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. அடுத்த ஊர்க்கூட்டத்தில் நாய்க் கணக்கெடுப்பை முதல் பொருளாக வைத்துப் பேசிப் பயனடைவீர்களாக.