ஒற்றி எடுங்கள், தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதம் கையில் கிடைத்துப் பத்து நாளாகிறது. ஆறு வருடம் பஸ்ஸிலும் அண்ணனின் மோட்டார் சைக்கிளிலும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து, சொந்தச் சம்பளத்தில் வாங்கிய முதல் காடி, அதுவும் கருப்பு மைவி என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்கள் கையாலேயே கழுவுகிறீர்கள். நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் ராத்திரி எண்ணெய் போட நின்றபோது, நிலையத்து வெள்ளை விளக்கு பானெட்டில் விழுந்து, அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல நூறு கீறல்கள். "கழுவாமலே விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமோ அண்ணே?" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அக்கறையாகச் செய்த காரியமே காயமாகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கும் தெரியும். என் முதல் சாகாவை ஒரு தீபாவளிக்கு முதல்நாள் பழைய பனியன் துணியால் அழுத்தி அழுத்தித் துடைத்து இதே வலையைப் பின்னியவன் நான். உங்கள் தாமானில் இன்னும் பலருக்கு இதே கேள்வி இருக்கும். அதனால் எல்லாரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன்.

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கீறல்கள் ஆழமில்லை. இன்றைய காடிகளில் இரும்புத் தகட்டின்மேல் உள்ள பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே பொதுவாக நூறு முதல் நூற்றைம்பது மைக்ரான்தான் இருக்கும். அதில் மேலாக இருக்கும் நிறமில்லாத கண்ணாடிப் பூச்சு, கிளியர் கோட் என்கிறார்களே அது, நாற்பது ஐம்பது மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய எழுபது மைக்ரான். ஒரு முடியைவிட மெல்லிய தோல்தான் உங்கள் காடியின் பளபளப்பு முழுவதையும் தாங்கி நிற்கிறது. நீங்கள் பார்த்த கீறல்கள் அந்தத் தோலின் மேல்மட்டத்தில் மட்டும் உள்ளவை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படாது. பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் அந்தத் தோலில் கொஞ்சத்தைச் சீவிக்கொண்டுதான் போகும். அதனால் முதலில் கீறல் விழுகிற வழியை அடைப்போம்.

வலை வட்டமாகத் தெரிவதால் வட்டமாகத் துடைத்ததுதான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. விளக்கைச் சுற்றி எவை குறுக்காகக் கிடக்கின்றனவோ அவை மட்டும் மினுங்குவதால் வட்டமாகத் தோன்றுகிறது. நேராகத் துடைத்தாலும் மண் இருந்தால் கீறும்.

அந்த மண் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வாசலில் நின்றாலே தெரிகிறதே! உங்கள் சிம்பாங் பூலாயைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகள், அவற்றை உடைக்கும் குவாரிகள், உடைத்ததை அரைக்கும் மாவு ஆலைகள், பளிங்குத் தொழிற்சாலைகள். ஒரு பக்கம் நெடுஞ்சாலைக்கு ஏறும் கல் லாரி, இன்னொரு பக்கம் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றி இறங்கும் லாரி. விடிந்து பார்த்தால் காடிமேல் விபூதி பூசினது போல வெள்ளைத் தூள். தாதுக்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இந்தச் சுண்ணாம்புத் தூளுக்கு மூன்று. நகத்தைவிடக் கொஞ்சம் கடினம். பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்காகச் சேர்க்கும் வெள்ளைத் தூளும் பல நேரம் இதேதான். அதோடு நின்றால் பரவாயில்லை. இது கிந்தா பள்ளத்தாக்கு. நூறு வருடத்துக்கு மேல் ஈயம் தோண்டிய பூமி. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. முதல் புரோட்டோன் சாகா ரோட்டுக்கு வந்த அதே வருடம். லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், ஒவ்வொன்றாய் மூடின. அங்கே கழுவிக் கொட்டிய மணல் மட்டும் இன்னும் வெளியாய்க் கிடக்கிறது, பல தாமான்கள் அதன்மேல்தான் எழும்பியிருக்கின்றன. அந்த மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் கடினம் ஏழு. கத்தி இரும்பையே கீறும். காற்றில் வந்து உட்கார்ந்த ஒரு பொடி மணல் துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவில் சிக்கினால் போதும், நீங்கள் எத்தனை மெல்லக் கையை நகர்த்தினாலும் அது உழுதுகொண்டேதான் போகும்.

ஆகவே வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இறகுத் துடைப்பத்தால் தூசி தட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதுதான் முதல் எதிரி. காய்ந்த தூளைத் தண்ணீர் படாமல் தொடவே கூடாது.

கழுவுவதைப் பற்றி நீங்கள் எழுதியதில் பெரிய குறையில்லை. மேலிருந்து கீழ், சோப்புக்கு ஒரு வாளி, கையுறையை அலச இன்னொரு வாளி. அப்படியே தொடருங்கள். கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. "கழுவி முடித்ததும் துண்டால் பரபரவென்று துடைத்துவிடுவேன், இல்லையென்றால் வெயிலில் புள்ளி விழுந்துவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். புள்ளிக்குப் பயந்து கீறலை வாங்கிக்கொண்டீர்கள்.

புள்ளி விழுவது உண்மைதான். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். பாறையில் சொட்டும் நீர் எப்படிக் கல்லாய் இறங்கி நிற்கிறது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி லேசாகப் புளித்து, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. குகைக்குள் வந்து சொட்டும்போது அந்த வாயு பிரிய, கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங்கில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்பவை எல்லாம் அப்படி ஆனவை. உங்கள் பானெட்டில் காயும் சொட்டும் அந்தக் கல்லின் தம்பிதான். தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்தது தங்கிவிடும். கிணற்று நீரிலோ குட்டை நீரிலோ கழுவினால் இன்னும் மோசம். கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். ஏற்கெனவே படிந்த புள்ளிக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்து உடனே நன்றாக அலசிவிட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

புள்ளியை வெல்ல வேகம் வேண்டாம். நேரத்தை மாற்றினால் போதும். உங்கள் ஊரில் சூரியன் மலை ஏறித்தான் வர வேண்டும். காலை ஏழரைக்குத் தாமான் இன்னும் நிழலில் இருக்கும், தகடும் ராத்திரிக் குளிர்ச்சியில் இருக்கும். அப்போது கழுவினால் துடைக்க அரைமணி நேரம் நிதானமாகக் கிடைக்கும். பதினொரு மணிக்குக் கருப்பு பானெட்டில் கை வைக்க முடியாது. அப்போது எந்தத் துணியும் உதவாது.

இப்போது துடைப்பது. இதைச் சொல்ல என் பெற்றோரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அப்பா கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரைக்குக் காடி ஓட்டினார். மோரிஸ் மைனர். செம்மண் ரோட்டில் போய்வந்ததும் கழுவி, மஞ்சளாக ஒரு தோலை நனைத்து முறுக்கிப் பிழிந்து இழுத்து இழுத்துத் துடைப்பார். மான்தோல் என்பார். ஆல்ப்ஸ் மலையில் திரியும் ஷாம்வா என்ற ஆட்டின மிருகத்தின் தோலில் தொடங்கிய வழக்கம் அது. பிறகு கடைகளில் வந்தவை பெரும்பாலும் மீன் எண்ணெயில் பதமிட்ட செம்மறித் தோல். நீரை அருமையாகக் குடிக்கும். ஆனால் அதற்கு மயிர் கிடையாது, வழவழவென்று தட்டை. சிக்கிய மணலுக்கு ஒளிய இடமில்லாமல் பெயிண்டிலேயே உருளும். அன்று அது பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பெயிண்டில் நிறமும் பளபளப்பும் ஒன்றே. பாலிஷ் போட்டால் துணியில் நிறம் ஏறும், கீறலும் கூடவே போய்விடும். இன்றைய கிளியர் கோட்டில் கீறல் கண்ணாடியில் விழுந்த கோடு மாதிரி நிற்கும், கருப்பில் சொல்லவே வேண்டாம்.

அம்மா பால்மரம் வெட்டப் போனவர். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஆனதும் தங்கையின் ஈரத் தலையைத் துவட்ட அப்பா துண்டை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார். "தேய்க்காதீங்க, முடி போயிடும். ஒத்தி எடுங்க" என்பார். துண்டை முடிமேல் போர்த்தி, உள்ளங்கையால் லேசாக அமுக்கி, அப்படியே தூக்குவார். மறுபடி வேறு இடத்தில். நம் தமிழில் தேய்ப்பது ஒன்று, துடைப்பது ஒன்று, வழிப்பது ஒன்று, ஒற்றுவது ஒன்று. காடிக்கு வேண்டியது அம்மா செய்தது.

அதற்கும் முன்னால், துணியைத் தொடாமலே முக்கால்வாசி நீரை இறக்கிவிடலாம். குழாய் நுனியில் மாட்டியிருக்கும் பீச்சானைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரைச் சன்னமாக வைத்து, ரப்பர் குழாயைக் கூரையின் நடுவில் பிடியுங்கள். பீய்ச்சினால் ஆயிரம் சொட்டாகச் சிதறும். இப்படி விட்டால் வாழையிலையில் ரசம் ஓடுவது போல ஒரே படலமாக ஓடி, வழியில் நிற்கும் சொட்டுகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கும். கூரை, முன் கண்ணாடி, பானெட், பக்கங்கள் என்று வரிசையாக. மெழுகு பூசிய காடியானால் இன்னும் சுத்தமாக வடியும். கையில் காற்று ஊதும் கருவி, இலை தள்ளுகிறார்களே அது, இருந்தால் இன்னும் நல்லது. காற்றுக்குக் கீறத் தெரியாது.

இப்போது துண்டு. நல்ல அகலமான, அடர்ந்த மைக்ரோஃபைபர் துண்டின் இரண்டு முனையைப் பிடித்து, பானெட்மேல் மெத்தைக்கு விரிப்புப் போடுவது போல விரித்துவிடுங்கள். விட்டுவிட்டுப் பாருங்கள். கீழே நிற்கும் ஒவ்வொரு சொட்டும் துண்டின் முதுகில் ஒரு கரும்புள்ளியாக ஏறி, புள்ளிகள் ஒன்றோடொன்று கூடி, அரை நிமிடத்தில் துண்டு முழுக்க நிறம் மாறிவிடும். உள்ளங்கையால் ஒருமுறை மேலாக ஒற்றுங்கள். தூக்குங்கள். அடியில் பானெட் காய்ந்து கிடக்கும். பக்கக் கதவுகளில் துண்டு நிற்காது. அங்கே மடித்து வைத்து ஒற்றி ஒற்றிப் போங்கள். எங்காவது இழுத்தே தீர வேண்டுமென்றால், துண்டின் கனம் மட்டும் போதும், கையின் கனம் வேண்டாம்.

ஏன் மைக்ரோஃபைபர்? பாலியெஸ்டரும் பாலியமைடும் எண்பதுக்கு இருபது, அல்லது எழுபதுக்கு முப்பது என்று சேர்த்து நூற்ற இழை, பிறகு ஆரஞ்சுச் சுளை போலப் பிளக்கப்படுகிறது. பட்டு இழையைவிட மெல்லியது. பிளவுகளுக்குள் நீர் ஏறும், தப்பி நின்ற பொடியும் மயிருக்குள் ஒதுங்கிப் பெயிண்டை விட்டு விலகும். நம் வீடுகளில் எல்லாம் இருக்கும் அந்த மெல்லிய வெள்ளைத் துண்டு, சிவப்பு எழுத்துப் போட்டது, முகம் துடைக்க நல்லது. காடிக்கு அதன் மயிர் போதாது. துண்டு வாங்கியதும் விளிம்பைப் பாருங்கள். நைலான் நூலால் தைத்திருந்தால் அந்த ஓரமே கீறும். சந்தேகமாக இருந்தால் பழைய சிடி ஒன்றின் பளபளக்கும் பக்கத்தில் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். சிடி சொல்லிவிடும். துண்டில் தைத்திருக்கும் பெயர்ச்சீட்டையும் கத்தரித்துவிடுங்கள்.

துண்டைத் தனியாகத் துவையுங்கள். பருத்தித் துணியோடு போட்டால் அதன் பஞ்சு முழுக்க இதில் ஒட்டிக்கொள்ளும். மணக்க வைக்கும் சாஃப்ட்னர் ஊற்றவே ஊற்றாதீர்கள். இழையில் மெழுகுபோல் பூசிக்கொண்டு நீரைக் குடிக்க விடாது. நிழலில் காயட்டும், கொடி குவாரிப் பக்கம் பார்த்திருக்க வேண்டாம். கீழே விழுந்த துண்டு அன்றைக்கு அவ்வளவுதான். உதறிவிட்டு எடுக்கலாம் என்று தோன்றும், தோன்றினாலும் வேண்டாம். அதை டயருக்கு ஒதுக்குங்கள். ஒரு கடையில் என் கண்ணெதிரே ரிம்மைத் துடைத்த துணியே கதவுக்கு ஏறியது. ரிம்மில் ஒட்டியிருப்பது பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புப் பொடி. அன்றிலிருந்து கதவிடுக்குக்கு ஒன்று, ரிம்முக்கு ஒன்று என்று வேறு நிறத் துணி வைத்திருக்கிறேன்.

எல்லாம் காய்ந்துவிட்டது என்று நிமிரும்போது பக்கக் கண்ணாடியின் இடுக்கிலிருந்து ஒரு கோடு வழியும். கதவுப் பிடி, எண்ணெய் மூடி, பின்விளக்கு ஓரம், நம்பர் தட்டு, எல்லாம் இப்படித்தான் ஒளித்து வைத்திருக்கும். கதவுகளை ஒருமுறை திறந்து மூடுங்கள். பிறகு தாமானை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் இரண்டு மூன்று தடவை பிரேக் அழுத்துங்கள். டிஸ்க்கில் இருந்த நீர் போகும், இடுக்கில் இருந்ததும் வெளியே வந்துவிடும். திரும்பி வந்து சின்னத் துண்டால் அந்தக் கோடுகளை ஒற்றிவிடுங்கள்.

இருக்கும் வலையைப் பாலிஷ் போட்டு எடுக்க இப்போதே ஓடாதீர்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்து பாருங்கள். பிறகு ஒரு ராத்திரி அதே நிலையத்தில், அதே விளக்கடியில் நிறுத்தி, புதுக்கீறல் கூடியிருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கூடவில்லை என்றால் நானே நேரில் வருகிறேன். இரண்டு பேருமாக ஒரு காலை நிழலில் உட்கார்ந்து பானெட்டை மட்டும் கையால் பாலிஷ் போடுவோம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்