விசாவுக்கு முன் இரண்டு கணக்கு: அங்கே சம்பளம், இங்கே சான்றிதழ்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பெற்றோரையோ, புதிதாகக் கல்யாணமான துணையையோ அழைத்துக்கொள்ள நினைத்ததும் விசா படிவத்தைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். படிவம் கடைசி வேலை. அதற்கு முன் அங்கே உங்கள் சம்பளம் விதியைத் தாண்டுகிறதா, இங்கே குடும்பத்தின் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேலை மாறினாலும், சம்பளமில்லா விடுப்பு எடுத்தாலும், சொந்தத் தொழில் தொடங்கினாலும் முதல் கணக்கு ஆடும். அதனால் குடும்ப விசாவையும் உங்கள் உத்தியோகத் திட்டத்தோடு சேர்த்தே யோசியுங்கள்.

எந்த நாடு, எவ்வளவு சம்பளம்?

சிங்கப்பூர்: எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸில் இருப்பவர் மனைவி, பிள்ளைகளை அழைக்க நிலையான மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலராவது இருக்க வேண்டும். பெற்றோர் என்றால் 12,000.

அமீரகம்: மனைவி, பிள்ளைகளுக்கு 4,000 திர்ஹாம், கம்பெனியே தங்குமிடம் தந்தால் 3,000 போதும்.

பிரிட்டன்: கணவன் அல்லது மனைவி விசாவுக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு. 2024 ஏப்ரல் 11-க்கு முன் இது 18,600-ஆக இருந்தது. சென்னையில் ஐடி கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் மனைவியின் வருமானம் இந்தக் கணக்கில் சேராது. பிரிட்டனில் இருப்பவரின் சம்பளம்தான் பேசும்.

அமெரிக்கா: பெற்றோருக்கு மனு போட 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் துணைக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும்தான் முடியும். குடிமகனாக இருந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்கும் போடலாம்; ஆனால் இந்தியர்களுக்கான அந்த வரிசையில் 2025-இல் 2006-ஆம் ஆண்டு மனுக்கள்தான் நகர்ந்துகொண்டிருந்தன.

இங்கே ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: அப்பா, அம்மாவுக்கு அங்கேயே குடியேற விருப்பமா? வருஷத்தில் நாலைந்து மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஊர் திரும்புவதுதான் அவர்கள் ஆசை என்றால் பி-2 விசிட்டர் விசா போதும். கிரீன் கார்டை வாங்கிவிட்டு மைலாப்பூரிலேயே இருந்தால் அந்த கார்டு நிலைக்காது.

ஐ-864: கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவின் நிதிப் பொறுப்புப் படிவம் ஐ-864. "இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எழுதித் தரும் மரியாதைக் கடிதம் இல்லை இது. நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். அழைக்கப்பட்டவர் குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து ஆண்டு) உழைப்புக் கணக்கில் ஏறும்வரை, அல்லது நாட்டை விட்டே நிரந்தரமாகப் போகும்வரை, அல்லது இறக்கும்வரை பொறுப்பு தொடரும். துணைக்குப் போட்டிருந்தால், விவாகரத்து ஆனாலும் இது தீராது.

வருமானம் கூட்டரசின் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை, இப்போது வரப்போகும் பெற்றோர் இருவர் என்று ஐந்து பேர் வைத்துக்கொள்ளுங்கள். 2025 அளவுப்படி 47,062 டாலர் வேண்டும். அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்கு ஒரு மனு என்று தனித்தனியாகத்தான் போட வேண்டும். ஆனால் வருமானம் பார்க்கும்போது இருவரையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

குறைந்தால் மூன்று வழி. ஒன்று, அதே வீட்டில் இருக்கும் துணை ஐ-864ஏ போட்டுத் தன் சம்பளத்தைச் சேர்ப்பது. இரண்டு, கூட்டுப் பொறுப்பாளர். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுதாரரோ போதும். ஆனால் அவர் தன் குடும்பத்தையும் வரப்போகும் உங்கள் ஆட்களையும் சேர்த்துத் தனியாகவே அளவைத் தாண்ட வேண்டும். மூன்று, சொத்து.

அப்பா, அம்மாவின் சாந்தோம் ஃபிளாட் கணக்கில் வருமா?

வரும். வரப்போகிறவரின் சொத்தையே காட்டலாம். ஓராண்டுக்குள் விற்றுப் பணமாக்கி அங்கே கொண்டுபோக முடிய வேண்டும் என்பது நிபந்தனை. பெற்றோர் விஷயத்தில் சொத்தின் மதிப்பு, வருமானக் குறையைப் போல ஐந்து மடங்கு இருக்க வேண்டும். குடிமகன் துணைக்குப் போடும்போது மூன்று மடங்கு. மேலே சொன்ன ஐவர் குடும்பத்தின் வருமானம் 40,000 டாலர் என்றால் குறை 7,062. ஐந்து மடங்கு 35,310, நம் பணத்தில் 30 லட்சத்துக்கு மேல். கடன் போக நிற்கும் மதிப்புதான் கணக்கு. அதனால் பத்திர நகல், வில்லங்கச் சான்று, பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை மூன்றையும் தயாராக வையுங்கள்.

வேலை மாறும் முன்

பிரிட்டனில் இப்போதைய கம்பெனியில் ஆறு மாதம் முடித்திருந்தால் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே தொகை விழுந்த வங்கிக் கணக்கு அறிக்கை, கம்பெனி கடிதம் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. நாலாம் மாதத்தில் தாவினால் கடந்த 12 மாத வருமானத்தையும் தனியாக நிரூபிக்க வேண்டும். அதனால் விண்ணப்பத்தை முதலில் போடுங்கள், ராஜினாமா பிறகு. அமெரிக்காவில் இப்போதைய வருமானத்துக்குத்தான் முதல் மதிப்பு. கூடவே கடைசி ஆண்டு வருமானவரிக் கணக்கும் கேட்பார்கள். நேர்காணல் நெருங்கும்போது வேலை இல்லாமல் இருப்பது ஆபத்து. அப்படி ஒரு நிலை வந்தால் கூட்டுப் பொறுப்பாளரை உடனே பிடியுங்கள்.

இங்கே முடிக்க வேண்டியவை

அமெரிக்காவில் அம்மாவுக்கு மனு போட உங்கள் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருந்தால் போதும். அப்பாவுக்குப் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். பல குடும்பங்கள் சிக்குவது இங்கேதான். கோயிலில் கல்யாணம் செய்து பதியாமல் விட்டவர்கள், இந்து திருமணச் சட்டத்தின்கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். சர்ச்சில் நடந்த கல்யாணம் என்றால் பங்குப் பதிவேட்டின் நகலோடு நின்றுவிடாதீர்கள். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அந்தப் பதிவு அரசுக்கும் போகிறது. சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் 100-ஆம் எண்ணில் இருக்கும் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.

பிறகு எல்லாத் தாள்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பிப் பெயரை மட்டும் படியுங்கள். சர்ச் ஏட்டில் 'சூசை', எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் 'ஏ. ஜோசப்', பாஸ்போர்ட்டில் 'ஜோசப் அந்தோணி', மகனின் பிறப்புச் சான்றிதழில் வெறும் 'ஜோசப்'. நமக்கு இவர் ஒரே ஆள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு நாலு பேர். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு, எல்லாம் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் போடுங்கள்.

பிறப்பே பதியாத மூத்தவர்களுக்குப் 'பதிவு இல்லை' என்ற சான்றும், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருவரின் பிரமாணப் பத்திரமும் வேண்டும். தமிழ்ச் சான்றிதழ்களுக்கு, மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியோடு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. அமெரிக்க விசாவுக்கு அப்போஸ்டில் முத்திரை தேவையில்லை. "கட்டாயம்" என்று சொல்லிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அமீரகத்துக்குத் திருமணச் சான்றில் அட்டெஸ்டேஷன் (அதிகாரப்பூர்வச் சான்றொப்பம்) வேண்டும்.

வரிசை இதுதான்

பெயர்களைச் சரிசெய்யுங்கள். சம்பளக் கணக்கைப் போடுங்கள். அதன்பின், அமெரிக்காவுக்கு என்றால், உறவினரை அழைக்கும் ஐ-130 மனு. 2024 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் 625 டாலர், தாளில் 675. மனு ஏற்கப்பட்டதும் தேசிய விசா மையத்துக்கு நிதிப் படிவக் கட்டணம் 120, விசா கட்டணம் 325. போலீஸ் சான்றைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அதை முன்கூட்டியே வாங்கிக் காலாவதியாக விடாதீர்கள். மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலேயே முடிக்கலாம். குடியேற்ற நேர்காணல் மட்டும் சென்னை ஜெமினி மேம்பாலத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இல்லை, வழக்கமாக மும்பையில்தான். பெற்றோருக்குத் துணையாக யார் போவது, எங்கே தங்குவது என்பதைத் தேதி வந்த அன்றே முடிவு செய்துவிடுங்கள்.