ஷிப்டுக்குப் போகிறவரிடம் வழி கேள்

திருத்தணி,
தை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். திருமுல்லைவாயலில் வீடு பார்த்துக் குடிவந்துவிட்டாய், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலையிலும் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா சொன்னான். சிங்கப்பூரிலிருந்து சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டி எடுத்துவந்திருக்கிறாய் என்று கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் போன வாரம் போனில், "இங்கே ஓட்ட இடமே இல்லையே பெரியப்பா" என்று நீ சொன்ன குரல் என்னை விட்டுப் போகவில்லை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வளர்ந்த ஊரில் பூங்காவையும் பூங்காவையும் இணைத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதை போட்டிருக்கிறார்கள். எங்கே திரும்ப வேண்டும் என்று பலகை சொல்லும், எவ்வளவு வேகம் என்பதையும் சட்டமே சொல்லும். பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. அங்கே வந்தபோது அதைப் பார்த்து வாய்பிளந்து நின்றவன் நான். அதை மனதில் வைத்துக்கொண்டு நீ இங்கே தேடினால் ஒன்றும் கிடைக்காது. சென்னை மாநகராட்சி 2014-லேயே, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முதலிடம் என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். நல்ல கொள்கை. ஆனால் நீ குடியிருக்கும் பக்கம் சென்னையில் சேராது, ஆவடி மாநகராட்சி. அது மாநகராட்சி ஆனதே 2019-ல்தான். தாளில் இருப்பது தெருவுக்கு வர வேண்டும் என்று நீயும் உன் வயதுப் பிள்ளைகளும் கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் அதுவரை சைக்கிளைச் சுவரில் சாய்த்துவைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

நீ இருக்கும் இடம் சைக்கிளுக்கு அந்நியமான இடம் இல்லை, அம்மா. டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கியது அந்த அம்பத்தூரில்தான். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நாடு முழுக்க ஓடிய வண்டிகளுக்கு அதுதான் பிறந்த வீடு. நான் சக்கரம் கோத்துக் கோட்டம் எடுக்கும் வேலை கற்றதும் அந்த ஊரில். ஆவடியில் 1961-ல் டேங்க் ஃபேக்டரி வந்தது, அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் வந்தது. சங்கு ஊதினால் சாலை முழுக்க சைக்கிள்தான். கேரியரில் சாப்பாட்டுத் தூக்கு, ஹேண்டில்பாரில் மஞ்சள் பை, பேசிக்கொண்டே நாலு பேர் ஒரே வரிசையில் போவார்கள். பஸ்தான் ஒதுங்கிப் போகும். அந்தக் கூட்டம் பிறகு மொபெட்டுக்கும் பைக்குக்கும் கம்பெனி பஸ்ஸுக்கும் மாறியது.

முழுக்க மாறவில்லை. காலை ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் எஸ்டேட்டின் பின்பக்கத் தெருவில் போய் நில். ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் பழைய சைக்கிள்களில் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்ப்பாய். அவர்களும் உன்னைப் போலப் புது ஊருக்கு வந்தவர்கள். உனக்காவது தமிழ் வரும். லாரி எந்தத் தெருவில் நுழையாது, எந்தச் சந்தில் மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், எந்த கேட்டை எப்போது மூடுவார்கள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தப்பான வழியில் போனால் அரைநாள் கூலி போய்விடும் என்பதால் கற்றுக்கொண்ட வழி அது. போனில் இருக்கும் மேப் பெரும்பாலும் மோட்டார் வண்டிக்குத்தான் வழி சொல்லும். நீ ஷிப்டுக்குப் போகிற பிள்ளையைக் கேள், பால் பாக்கெட் போடுகிறவரைக் கேள், பேப்பர் போடும் பையனைக் கேள். அவர்கள் போகும் வழிதான் சைக்கிள் வழி. ஒரு புது ஊருக்குப் போய் ஓட்ட இடம் தேடும் யாருக்கும் நான் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான்.

வேலைக்குப் போகும் வழியை முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவசரமில்லாமல் ஓட்டிப் பார். சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டில் போகவே போகாதே என்று சொல்ல மாட்டேன், அம்பத்தூர் ஓ.டி. பக்கம் அதைத் தொடாமல் இருக்க முடியாது. ஆனால் அதைக் குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொள், அதிலேயே நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பஸ்ஸின் இடதுபக்கம் நுழையாதே. ஏறுகிறவர் கால் வைக்கும் இடம் அது. ஷேர் ஆட்டோ எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்று எண்ணிக்கொண்டே பின்னால் போ.

வேலை நாள் இப்படி. மனசுக்காக ஓட்டுவதற்கு வேறு கணக்கு. இந்தப் பக்கத்தில் நல்ல ரோடு எது என்று கேட்டால் நான் பதிலுக்கு எத்தனை மணிக்கு என்று கேட்பேன். காலை ஐந்தரைக்கு ஒரு தெரு, ஒன்பது மணிக்கு அதே தெரு வேறு. விடிந்தும் விடியாமலும் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு சேர்ந்துவிடு. சித்திரை, வைகாசியில் ஏழரைக்கே கதவைத் திறந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

கோயில்களில் தொடங்கு. பக்திக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த ஊர்கள் எல்லாம் தொழிற்சாலைக்கு முன்னாலேயே கோயிலைச் சுற்றி வளர்ந்தவை. நாலு பக்கமும் மாடவீதி இருக்கும், விடியற்காலையில் கோலம் போடுகிற அம்மாக்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். உன் வீட்டுப் பக்கத்திலேயே மாசிலாமணீஸ்வரர் கோயில். வெள்ளெருக்கால் ஆனவை என்று சொல்லப்படும் இரண்டு தூண்களையும் உள்ளே போய்ப் பார். அங்கிருந்து அயப்பாக்கம், கோலடி வழியாகத் திருவேற்காடு போகலாம். கூவம் அந்த ஊர் ஓரமாகத்தான் போகிறது. கிழக்கே பாடியில் திருவலிதாயம். மூன்றும் தேவாரம் பாடப்பெற்ற தலங்கள். மூன்றையும் ஒரே காலையில் முடிக்க வேண்டும் என்று கணக்குப் போடாதே.

ஆவடி–பூந்தமல்லி ரோட்டில் பருத்திப்பட்டு ஏரி. சீரமைத்து, கரையில் நடைபாதை போட்டு, 2019-ல் திறந்தார்கள். மழைக்காலம் முடிந்த இந்த மாதங்களில் கூழைக்கடா வந்து இறங்கும். அந்த நடைபாதை வயதானவர்கள் நடக்கிற இடம், அதில் சைக்கிளை விடாதே. வெளியே பூட்டிவிட்டு ஒரு சுற்று நடந்து வா, காலுக்கும் நல்லது.

டேங்க் ஃபேக்டரி குடியிருப்புச் சாலைகள் மரநிழலோடு அழகாக இருக்கும். பார்த்தால் ஆசை வரும். அது பாதுகாப்புத் துறை இடம். உள்ளே குடியிருக்கும் உன் சிநேகிதி யாராவது அழைத்தால், கேட்டில் சொல்லிவிட்டுப் போ. இல்லாவிட்டால் வெளியிலேயே திரும்பிவிடு.

பழகியபின் மேற்கே போ. பூந்தமல்லி தாண்டித் திருமழிசை, அங்கிருந்து வெள்ளவேடு, புதுச்சத்திரம், அரண்வாயல், மணவாளநகர் என்று திருவள்ளூர் வரைக்கும் ஒரு ரோடு போகிறது. நகரம் எங்கே முடிகிறது என்று உடம்புக்குத் தெரிவது அதில்தான். திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையின் இரும்புச் சத்தம் அடங்கி, திடீரென்று இரண்டு பக்கமும் வயல் வரும். தெற்கே செம்பரம்பாக்கம். 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தோடு பெயர் அடிபட்ட ஏரி. சில சமயம் கரைமேல் விட மாட்டார்கள். காவலுக்கு இருப்பவர் வேண்டாம் என்றால் வாதாடாமல் திரும்பு. குன்றத்தூர் பக்கம் போய், சேக்கிழார் பிறந்த அந்த ஊரையும் முருகன் குன்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

அவுட்டர் ரிங் ரோட்டைப் பற்றி உன் ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வழியாக மீஞ்சூர் வரை, அறுபது கிலோமீட்டருக்கு மேல் நேராகக் கிடக்கிறது. ஞாயிறு விடியற்காலையில் சைக்கிள் குழுக்கள் அங்கே வருகின்றன. உனக்கும் போகத் தோன்றும். போகலாம், ஆனால் நான் சொல்வதைக் கேட்டுப் போ. நடுச் சாலை உனக்கு இல்லை, சர்வீஸ் ரோடு மட்டும்தான். அதிலும் விளக்குப் போடாமல் கன்டெய்னர் லாரிகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். இருட்டில் அது இருப்பதே தெரியாது. எதிர்த்திசையில் பைக் வரும். அதனால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போ, தனியாகப் போகாதே, தலையைக் குனிந்து வேகம் பிடிக்காதே. நேரான ரோடு கண்ணை மயக்கும். நல்ல ஓட்டக்காரர்கள் அடிபட்டது அப்படித்தான். ஹெல்மெட்டை இந்த ஊர்ச் சட்டம் சைக்கிளுக்குக் கேட்காது. நான் கேட்கிறேன்.

இனி வண்டி. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டயர் மெல்லிசு. இந்த ரோட்டுக்கு 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடு, ஃப்ரேமில் இடம் இருந்தால் 35. மட்கார்டு இல்லை, உடனே போடு. ஐப்பசி, கார்த்திகையில் புரிந்துகொள்வாய். உன் ட்யூப்பில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. நம் பஞ்சர் கடைப் பம்பு அதில் பிடிக்காது. பித்தளையில் சின்ன அடாப்டர் விற்கிறார்கள், இரண்டு வாங்கி, ஒன்றைச் சாவிக்கொத்தில் கோத்துக்கொள். நல்ல சத்தமான மணி வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு, பகலிலும் எரியட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சைக்கிள் கடையைத் தேடிப் பிடி. ஒரு முறை கடைக்காரர் கையால் ஓவராயில் செய்துகொள், கூட நின்று பார். கடைக்காரர் உன் வண்டியைத் தெரிந்துவைத்திருந்தால் ஊரில் உனக்குப் பாதி பலம்.

நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதே. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உனக்கும் நடுவில் வைத்து மெதுவாக நட. தேங்கிய தண்ணீர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதற்குள் சக்கரத்தை விடாதே. அடியில் மூடி இல்லாத குழி இருக்கலாம்.

பெண் பிள்ளை தனியாக சைக்கிளில் போனால் பார்ப்பார்களே என்று உன் அம்மா கவலைப்படுகிறாள். பார்ப்பார்கள், உன் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் பார்ப்பார்கள். பெண் சைக்கிள் ஓட்டுவது இங்கே புதிதில்லை என்று அவளிடம் சொல். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். தண்ணீர் எடுக்கவும் கல்குவாரி வேலைக்கும் அதில்தான் போனார்கள். பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-ல். சில வருஷத்தில் அது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆனது. காலை எட்டரைக்குப் பட்டாபிராம், திருநின்றவூர் பக்கம் போனால் இரட்டைச் சடையோடு வரிசையாகப் போவார்கள். அவர்கள் பின்னால் சேர்ந்து போ, எந்தத் தெரு பெண்ணுக்குப் பயமில்லாத தெரு என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். கிளம்புமுன் வீட்டுக்காரம்மாவிடம் எந்தப் பக்கம் போகிறாய் என்று மட்டும் சொல்லிவிடு.

கால் பழகட்டும், ஒரு நாள் பூண்டிக்குப் போவோம். 1944-ல் கொசஸ்தலையாற்றின் குறுக்கே கட்டிய நீர்த்தேக்கம் அது. அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் உண்டு. பக்கத்து அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் வயது சொல்கிறார்கள். நீ மணவாளநகர் வரை வந்துவிடு. நான் திருத்தணியிலிருந்து முதல் வண்டி பிடித்துத் திருவள்ளூரில் இறங்குகிறேன். அங்கே தெரிந்த கடை இருக்கிறது, எனக்கு ஒரு ஹெர்குலிஸ் எடுத்து வைக்கச் சொல்கிறேன். மாசி பிறந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு ஞாயிறைப் பார்த்துச் சொல். இரண்டு நாள் முன்னதாகவே சொல், பெரியம்மா புளிசாதம் கட்டித் தருவாள்.

அன்புடன்,
பெரியப்பா