மண்டையோடு என்னும் இயற்கைக் கவசம்

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது முன்னோர் வாக்கு. அச்சிரசிற்கு இயற்கை அமைத்த காவல் எத்தகையது, அதன் எல்லை யாது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் நலம். பனையேற்றமும் கடல் தொழிலும் நடைபெறும் உவரி போன்ற ஊர்களில் இவ்வறிவு உயிர் காக்கும்.

இவ்வெலும்பின் உறுதிக்கு நம் பொருநைக் கரையே சான்று. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் நடத்திய அகழ்வில், முதுமக்கள் தாழிகளிலிருந்து பழங்கால மண்டையோடுகள் கிடைத்தன.

மூளையைச் சூழ்ந்த எலும்புகள் 8. நெற்றியில் ஒன்று, உச்சியின் இருபுறமும் இரண்டு, பொட்டுப் பக்கங்களில் இரண்டு, பிடரியில் ஒன்று, அடித்தளத்தில் இரண்டு. கூரையாய் அமைந்தவை தட்டை எலும்புகளாகும். வெளியிலும் உள்ளிலும் இரு கெட்டித் தகடுகள். இடையே கடற்பஞ்சு போன்ற பகுதி. ஆகவே எடை குறைவு, வலிமை மிகுதி. வளைந்த வடிவம் அடியின் வேகத்தைப் பரவச் செய்கிறது. விளிம்புகள் ரம்பப் பற்களைப் போல் ஒன்றோடொன்று கோத்து நிற்கின்றன.

சிசுவிற்கு இவ்விளிம்புகள் இணைந்திருப்பதில்லை. பிரசவம் எளிதாகவும் மூளை வளரவும் அவ்விடைவெளி உதவுகிறது. உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதிற்குள் மூடிக்கொள்ளும். வயிற்றுப்போக்கின்போது அது குழிந்து காணப்பட்டால் உடலில் நீர் வற்றியதன் அறிகுறி. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக.

பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் இரத்தக் குழாய் ஓடுகிறது. எலும்பு முறிந்து குழாய் கிழிந்தால் இரத்தம் உள்ளே தேங்கும். மண்டையோடு விரிந்து கொடாது; மூளையே நசுங்கும். பனையினின்று விழுந்தவர் எழுந்து நடப்பார், பேசுவார். சில மணி நேரம் கழித்து மயங்கி வீழ்வார். 'எழுந்துவிட்டாரே' என்று சோடா கொடுத்து உறங்க வைப்பது பெருந்தவறு.

தலையில் அடிபட்டவருக்கு மயக்கம், வாந்தி, கடுந்தலைவலி, பிதற்றல், காதில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் 108 வண்டியை அழையுங்கள். கழுத்தை அசைக்காதீர்கள், உண்ணவோ பருகவோ கொடுக்காதீர்கள். தலையை ஸ்கேன் செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள்.

மட்டையோடு விழுந்த தேங்காய் எளிதில் உடைவதில்லை. உரித்த காய் உடைகிறது. மண்டையோடு சிரட்டையெனில், தலைக்கவசமே மட்டை. மோட்டார் சைக்கிளில் செல்வோர் அதனை அணிய வேண்டுமென்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். பனையேறும் தொழிலாளருக்கும் இடுப்புக் கயிற்றுடன் அஃது இன்றியமையாதது. அடுத்த கிராம சபையில் இதனைப் பேசுவது ஊராட்சியின் கடமையாகும்.