கசிவு கண்டால் காத்திருக்காதே

அன்புத் தம்பிக்கு,

கணைய அறுவை சிகிச்சைப் பிரிவில் உனக்கு இடம் கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கணையத்தின் தலைப்பகுதியை அகற்றும் விப்பிள் ஆபரேஷன் கற்றுக்கொள்ளத் துடிக்கிறாய். அதைத் தியேட்டரில் உன் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது, நோயாளி வார்டுக்கு வந்த பிறகு நடப்பதைப் பற்றி.

அந்த ஆபரேஷனில் கணையத்தைக் குடலோடு இணைத்த தையல், கைதேர்ந்தவர் போட்டதானாலும் சிலருக்குக் கசியும். கணையம் மிருதுவாகவும் அதன் குழாய் மெல்லியதாகவும் இருந்தால் ஆபத்து அதிகம். கசிவது செரிமான நீர். பக்கத்து ரத்தக்குழாயையே அரித்துவிடும். அதனால்தான் மூன்றாம் நாள், வயிற்றில் வைத்த ட்ரெயின் குழாயில் வரும் நீரில் அமைலேஸ் என்ற கணைய நொதியைப் பார்க்கிறோம். ரத்தத்தில் இருக்கவேண்டிய உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் கசிவு உண்டு. எண் கூடியும் ஒரு தொந்தரவும் இல்லாமல் வீடு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே ரிப்போர்ட்டோடு நின்றுவிடாதே, ஆளைப் பார்.

ட்ரெயின் பையை நீயே தூக்கி வெளிச்சத்தில் பார். நேற்று வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தது, இன்று கலங்கிப் பழுப்பேறியிருக்கிறதா? காய்ச்சல் இல்லை, ஆனால் நாடி 90லிருந்து 115க்கு ஏறியிருக்கிறதா? வலியால் இருக்கும் என்று மனம் சமாதானம் தேடும், இடம் கொடுக்காதே. “இவர் நேற்று மாதிரி இல்லை டாக்டர்” என்று சிஸ்டர் சொன்னால் உடனே எழுந்து போ. சாப்பாடு இறங்காமல் வாந்தி வருவது பலருக்கும் உள்ளதுதான், பெரும்பாலும் தானே சரியாகும். ஆனால் அதற்குப் பின்னால் கசிவு ஒளிந்திருக்கலாம்.

நெதர்லாந்தில் 17 மையங்களில் 1,748 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2022இல் லான்செட் இதழில் வந்தது. அவசியம் படி. புது மருந்து இல்லை, புதுத் தையல் முறை இல்லை. தினமும் ஒரே ஒழுங்கில் நோயாளியைப் பரிசோதித்தார்கள். சந்தேகம் வந்ததும் சி.டி. எடுத்தார்கள், தேங்கிய நீரை வயிற்றைத் திறக்காமல் தோல்வழியே குழாய் வைத்து வடித்தார்கள். 90 நாட்களுக்குள் நேரும் மரணம் 5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தது. கசிவைவிடத் தாமதமே ஆளைக் கொல்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

இன்னொன்று. சிலருக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்து ட்ரெயினில் கால் டம்ளர் ரத்தம் வந்து, தானே நின்றுவிடும். பி.பி. சரியாக இருக்கும், நோயாளி உன்னோடு பேசிக்கொண்டிருப்பார். நின்றுவிட்டதே என்று விட்டுவிடாதே தம்பி. அரிக்கப்பட்ட தமனி பெரிதாக வெடிப்பதற்கு முன் தரும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். அப்போதே சி.டி. ஆஞ்சியோ எடு. ரேடியாலஜி டாக்டர் தமனிக்குள் காயிலோ ஸ்டென்ட்டோ வைத்து அடைத்துவிட முடியும்; மறுபடி வயிற்றைத் திறப்பது வேறு வழியில்லாதபோதுதான்.

இதையெல்லாம் குடும்பத்தாரிடம் ஆபரேஷனுக்கு முன்பே தமிழில், உட்கார்ந்து சொல். இரவு இரண்டு மணியானாலும் சீனியரை எழுப்பு. திட்டினால் வாங்கிக்கொள், சி.டி.க்கு எழுதிவிட்டுத் திட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்