பின்களம் காத்த பெண்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

எங்கள் ஊர் செம்பரம்பாக்கம். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் போதும், சுற்று வட்டாரமே வேடிக்கை பார்க்கத் திரண்டு வரும். வருபவர்கள் நீரைப் பார்ப்பார்கள், மதகைப் பார்ப்பார்கள். இருபத்துநான்கு அடி நீரைத் தாங்கிக்கொண்டு காலடியில் கிடக்கும் கரையை எவரும் பார்ப்பதில்லை.

ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்தாட்டத்தில் பின்கள ஆட்டக்காரரின் நிலையும் இதுவே. கோல் போட்டவரின் பெயர் மறுநாள் நாளேட்டில் வரும். போகவிருந்த கோலைத் தடுத்தவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அப்படிப்பட்ட ஓர் ஆட்டக்காரியின் வாழ்வை என்னுடன் பயிலும் நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரி அணியில் சேர்ந்தபோது முன்களத்தில் ஆட விரும்பினேன். என்னைப் பின்களத்தில் நிறுத்தினார்கள். ஒரு போட்டியில் கடைசி நேரத்தில் என் மட்டைக்குத் தப்பிய பந்து வலைக்குள் சென்றது, தோற்றோம். அது வரை நான் தடுத்த பந்துகள் யாருக்கும் நினைவில்லை. தவறவிட்ட ஒன்றே எல்லாருக்கும் நினைவிருந்தது. இனி மட்டையைத் தொடுவதில்லை என்று இருந்த நாளில்தான் தீப் கிரேஸ் எக்காவைப் பற்றிப் படித்தேன்.

ஒடிசா மாநிலத்தின் சுந்தர்கர் மாவட்டம், பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதி. இந்திய ஹாக்கியின் தொட்டில் என்று அதனைப் போற்றுவர். இந்திய ஆடவர் அணியின் தலைவராக விளங்கிய திலீப் திர்க்கியும் அம்மண்ணின் மைந்தரே. அவரும் பின்கள ஆட்டக்காரரே. அம்மாவட்டத்தின் லுல்கிடி என்னும் சிற்றூரில் 1994ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் தீப் கிரேஸ் பிறந்தார். அண்ணன் தினேஷ் எக்கா இந்திய அணியின் கோல்கீப்பராக ஆடியவர். தங்கைக்கும் கோல்கீப்பராகவே ஆசை, வாய்த்ததோ பின்களம். 2011இல், பதினேழு வயதளவில், நாட்டின் முதுநிலை அணியில் இடம்பெற்றார்.

பின்களத்தில் நிற்பது எளிய வேலை என்று எண்ணுவோர் பெனால்டி கார்னரைச் சற்று ஆராய வேண்டும். அவ்வேளையில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐவர் மட்டுமே கோல் கோட்டில் நிற்கலாம். எதிரணியினர் வட்டத்தின் விளிம்பிலிருந்து பந்தை இழுத்து வீசுவர். அந்த வட்டத்தின் ஆரம் 14.63 மீட்டர். பந்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். அப்படியானால் பந்து கோலை அடைய ஆகும் நேரம் அரை நொடிதான். நம் ஆய்வுக்கூடத்தில் அளவுகோலை விழவிட்டுப் பிடிக்கும் சோதனையைப் பலரும் செய்திருப்பீர்கள். கண் கண்டதைக் கை செய்யவே ஐந்தில் ஒரு பங்கு நொடி போய்விடுகிறது. கோட்டிலிருந்து பாய்ந்தோடி வந்து மறிக்கும் பெண்ணுக்கோ தொலைவு பாதியாகிறது, நேரமும் பாதியாகிறது. ஆகவே அவள் பந்தைப் பார்த்துத் தடுப்பதில்லை. அது வரப்போகும் வழியை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நிற்கிறாள்.

அந்தப் பந்தின் நிறை ஏறத்தாழ 160 கிராம். அவ்வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் 60 ஜூலுக்கு மேல். ஆறு கிலோ எடையுள்ள கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுவதற்கு ஒப்பாகும். அதை அறிந்தே எதிரே ஓடுவதுதான் பின்களக்காரியின் தொழில்.

1980இல் மாஸ்கோவில் ஆடிய பின், இந்தியப் பெண்கள் அணி 36 ஆண்டுகள் கழித்து 2016இல் ரியோ ஒலிம்பிக்கில்தான் மீண்டும் ஆடியது. தீப் கிரேஸ் அந்த அணியில் இருந்தார். ஓர் ஆட்டத்திலும் வெற்றி இல்லை. பன்னிரண்டு அணிகளில் கடைசி இடம். அடுத்த ஆண்டே ஆசியக் கோப்பையை வென்ற அணியிலும், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெள்ளி பெற்ற அணியிலும் அவர் இருந்தார்.

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் துணைத் தலைவர்களுள் ஒருவர். முதல் மூன்று ஆட்டங்களில் இந்தியா வாங்கிய கோல்கள் பதினொன்று. பின்களத்திற்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டோ? அடுத்து அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று காலிறுதிக்குள் நுழைந்தனர். ஆகஸ்டு 2ஆம் நாள் எதிரே நின்றது, அது வரை ஓர் ஆட்டமும் தோற்காத ஆஸ்திரேலியா. இரண்டாம் கால் பகுதியில் குர்ஜித் கவுர் ஒரு கோல் போட்டார். மீதி நேரம் முழுவதும் பின்களத்தின் ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்குக் கிடைத்த பெனால்டி கார்னர்களில் ஒன்றுகூடக் கோலாகவில்லை. கோல்கீப்பர் சவிதாவும் அவர் முன் நின்ற பெண்களும் அரணாயினர். முடிவு 1-0, இந்தியப் பெண்கள் முதன்முறையாக ஒலிம்பிக் அரையிறுதி கண்டனர். இறுதியில் கிடைத்தது நான்காம் இடமே. ஆயினும் மூன்று தோல்விகளுக்குப் பின் அதே பெண்கள் அதே இடத்தில் நின்றார்களே, அதுவே எனக்குப் பாடம்.

2022இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. அதே ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் அணி வெண்கலம் வென்றது. இருநூறுக்கும் மேற்பட்ட பன்னாட்டு ஆட்டங்கள் ஆடிய பின், 2024இல் ஓய்வை அறிவித்தார். நம் நாட்டு ஹாக்கிப் பெண்கள் பலருக்கு நெடுங்காலம் சோறு போட்டது ஆட்டமன்று, ஆட்டத்தால் கிடைத்த இரயில்வே போன்ற அரசுத் துறை வேலையே. பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் போட்டி 2025 ஜனவரியில்தான் ராஞ்சியில் முதன்முதலாக நடந்தது. ஆட்டமே தொழிலாகும் காலம் இவரது தலைமுறைக்குப் பின்னரே அரும்பியிருக்கிறது.

என் தந்தை இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையின் இரவுக் காவலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நானே முதல். காலையில் அவர் வீடு திரும்பும்போது, "ராத்திரி என்னப்பா நடந்துச்சு?" என்று சிறுவயதில் கேட்பேன். "ஒண்ணும் நடக்கலம்மா" என்பார். அது சலிப்பான பதில் என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்காமல் இருந்ததே அவருடைய உழைப்பு என்பதும், அந்தச் சம்பளத்தில்தான் நான் இயற்பியல் படிக்கிறேன் என்பதும் இந்த ஆட்டக்காரியைப் பற்றிப் படித்த பிறகே எனக்கு விளங்கின.

மறுநாள் மாலை மைதானத்துக்குப் போனேன். உடற்கல்வி இயக்குநர் ஒன்றும் கேட்கவில்லை. என் பழைய இடத்தைக் கை காட்டினார். போய் நின்றேன்.