பெட்டியோடு வந்த பென்டிரைவ்

மும்பை நகரத்தில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. பல மொழி பேசும் மக்கள் அங்கே நெருக்கமாக வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன குடும்பங்களும் பல தலைமுறையாக அங்கே இருக்கின்றன.

அப்படி ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர் மாஸ்டர். அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் தெருவில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு பென்ஜோ குழு நடத்துகிறார். விநாயகர் சதுர்த்தி வந்தால் மும்பைத் தெருக்களில் ஊர்வலம்தான். ஊர்வலத்தின் முன்னால் பென்ஜோ குழுக்கள் வாசித்துக்கொண்டு போகும். பென்ஜோ, கீபோர்டு, ஆக்டோபேட், தாஷா எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். அந்தப் பத்து நாள் வருமானத்தை நம்பித்தான் குழுவில் பலர் வருடக் கடனை அடைக்கிறார்கள்.

மாஸ்டரின் பழைய கீபோர்டு மழையில் நனைந்து கெட்டுவிட்டது. புதிது வாங்க வேண்டும். கையில் பணம் இல்லை. அவர் மனைவி மகளிர் சுய உதவிக் குழுவில் பொருளாளர். குழுவிலிருந்து 20,000 ரூபாய் கடன் கிடைத்தது. மீதியைத் தவணையில் கட்டுவதாகச் சொல்லி, புதுக் கீபோர்டு வாங்கி வந்தார்கள். விழாவுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

பெட்டியோடு ஒரு சின்னப் பென்டிரைவும் வந்தது. "இதுல டோலக், தாஷா, லேஸிம் சத்தம் எல்லாம் இருக்கு. இலவசம்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பென்டிரைவ் கட்டைவிரல் அளவே இருக்கும். பாட்டு, படம், கணக்கு, எதையும் அதில் சேர்த்து வைக்கலாம். கணினியில் செருகினால் எடுத்துப் பார்க்கலாம். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கொண்டு போகலாம்.

மாஸ்டரின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளிடம் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. சுய உதவிக் குழுவின் கணக்கும் அதில்தான் இருக்கிறது. பதினாறு பெண்களின் சேமிப்பு, கடன், ஆதார் அட்டைப் படங்கள், வங்கிப் புத்தகத்தின் படங்கள் எல்லாம் அதில்தான். மகள் அந்த லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகினாள். உள்ளே இருந்த ஒரு கோப்பைத் திறக்கப் போனாள். திரையில் சிவப்பு நிறத்தில் ஒரு கட்டம் வந்தது.

"வைரஸ்னு காட்டுதுப்பா."

"புதுசும்மா அது. இன்னிக்குத்தான் பெட்டியைப் பிரிச்சோம். ஏதோ தப்பாக் காட்டுது. அமுக்கிவிட்டு உள்ளே போ. நாளைக்கு ஒத்திகை இருக்கு."

சமையல் அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "என்ன எழுதியிருக்குன்னு முதல்ல முழுசாப் படி" என்றார்.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் ஒரு வட்டிக்காரரின் தாளில் அவர் கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துச் சொல்லவில்லை. வாங்கியது 5,000 ரூபாய். மூன்று வருடம் வட்டி மட்டுமே கட்டினார். அதற்குப் பிறகுதான் இரவு வகுப்பில் சேர்ந்தார். இப்போது பேருந்துச் சீட்டைக்கூடப் படித்துவிட்டுத்தான் பையில் வைப்பார்.

மகள் படித்துத் தமிழில் சொன்னாள். "இந்தப் பென்டிரைவில் ஆபத்தான கோப்பு ஒன்று இருக்கிறது. அது தடுத்து வைக்கப்பட்டுள்ளது. அகற்றவா? அனுமதிக்கவா?"

"அனுமதின்னா யார் குடுக்கிற அனுமதி?"

"நாமதாம்மா."

"அப்போ பிறகு ஏதாவது ஆனா, நாமளே விட்டதாத்தான் ஆகும்."

மகள் 'அகற்று' என்பதை அமுக்கினாள். பென்டிரைவை வெளியே எடுத்தாள். அம்மா அதில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றினார். வீட்டில் உள்ள மற்றப் பென்டிரைவுகளோடு அது கலந்துவிடக் கூடாது அல்லவா?

வைரஸ் என்றால் இங்கே காய்ச்சல் தரும் கிருமி இல்லை. கெட்ட எண்ணத்தோடு யாரோ எழுதிய கணினிப் புரோகிராம். அது நமக்குத் தெரியாமல் கணினிக்குள் புகும். சில வைரஸ் கோப்புகளை அழிக்கும். சில, நாம் தட்டும் பாஸ்வேர்டைத் திருடி வேறு இடத்துக்கு அனுப்பும். சில, நம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். வைரஸ் தடுப்பு என்பது வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே வரும் கோப்பைப் பார்க்கும். சந்தேகம் வந்தால் நிறுத்தி வைத்து நம்மிடம் கேட்கும்.

மாஸ்டருக்கு மனம் சமாதானம் ஆகவில்லை. "புதுப் பெட்டியில் வைரஸ் எப்படி வரும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அது நியாயமான கேள்விதான். உலகத்தில் பலர் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

2006-ம் ஆண்டு ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் ஒரு போட்டி நடத்தியது. பரிசு, பாட்டுக் கேட்கும் சின்னக் கருவி. மொத்தம் 10,000 கருவிகள். ஒவ்வொன்றிலும் 10 பாட்டுகள் இருந்தன. சில கருவிகளில் பாட்டோடு பாஸ்வேர்டு திருடும் வைரஸும் இருந்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கருவிகளைத் திரும்பப் பெற்றது.

அதே ஆண்டு அக்டோபர் மாதம் ஆப்பிள் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐபாட் என்பது ஆப்பிளின் பாட்டுக் கருவி. செப்டம்பர் 12-க்குப் பிறகு விற்ற வீடியோ ஐபாட்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றில் ஒரு வைரஸ் இருந்தது என்று அந்த அறிவிப்பு சொன்னது. ஐபாட்டுக்கு அந்த வைரஸால் ஒன்றும் ஆகாது. அதைச் செருகும் விண்டோஸ் கணினிக்குத்தான் ஆபத்து. ஐபாட்களைத் தயாரித்த இடத்தில் ஒரு கணினியில் வைரஸ் இருந்திருக்கிறது. அதில் செருகிய கருவிகளுக்கு அது ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று கேட்டால் சிரிப்பு வரும். 2017 டிசம்பரில் தைவான் நாட்டில் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு நிகழ்ச்சி நடந்தது. கேள்விக்குச் சரியான பதில் சொன்னவர்களுக்குக் காவல்துறை பென்டிரைவ் பரிசு கொடுத்தது. மொத்தம் 250 பென்டிரைவ்கள். அவற்றில் 54-ல் வைரஸ் இருந்தது! திருடனைப் பிடிக்கிறவர்களே கொடுத்த பரிசு அது. அங்கேயும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பென்டிரைவ்களைச் சோதித்துப் பார்த்த கணினியில் ஏற்கெனவே வைரஸ் இருந்தது.

மாவு புளிப்பது எப்படி என்று பெண்களுக்குத் தெரியும். புளித்த மாவு பட்ட கரண்டியைக் கழுவாமல் புது மாவில் விட்டால் போதும். புது மாவும் சீக்கிரம் புளித்துவிடும். பானை புதிதா பழையதா என்பது பேச்சே இல்லை. எந்தக் கரண்டி பட்டது என்பதுதான் பேச்சு.

முன்பு இதைவிட மோசமாக இருந்தது. பென்டிரைவைச் செருகினாலே போதும், உள்ளே இருக்கும் புரோகிராம் தானாக ஓடத் தொடங்கிவிடும். 2011-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் பழைய விண்டோஸ் கணினிகளிலும் அந்த வழியை அடைத்தது. இப்போது பெரும்பாலும் நாமே திறந்து விட்டால்தான் வைரஸ் உள்ளே வரும். அதனால் அது வேடம் போடுகிறது. 'பாடல்கள்' என்று பெயர் வைத்துக்கொள்ளும். பார்த்தால் பாட்டு வைக்கும் உறை மாதிரி இருக்கும். அமுக்கினால் புரோகிராம் ஓடும்.

காவலாளிக்கும் தவறு வரும். சில சமயம் நல்ல புரோகிராமையும் வைரஸ் என்று சொல்லிவிடும். சிறிய நிறுவனங்கள் எழுதிய, அதிகம் பேர் பயன்படுத்தாத புரோகிராம்களுக்கு இப்படி நேர்வது உண்டு. ஆகவே, எச்சரிக்கை வந்ததும் கடைக்காரரைத் திட்டவும் கூடாது. 'தப்பாகக் காட்டுகிறது' என்று தள்ளிவிடவும் கூடாது. விசாரிக்க வேண்டும்.

மகள் விசாரித்தாள். கீபோர்டோடு வந்த கையேட்டின் முதல் பக்கத்தைப் பிரித்தாள். பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று அங்கே படம் போட்டிருந்தது. அம்மா விரல் வைத்து எண்ணினார். கீபோர்டு, மின்சார அடாப்டர், நோட்டு வைக்கும் தாங்கி, கையேடு. நான்கே படங்கள்.

"பென்டிரைவ் படம் எங்கே?" என்றார் அம்மா.

படம் இல்லை. அப்படியானால் பென்டிரைவைக் கொடுத்தது கம்பெனி இல்லை. கடை.

மகள் கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரர் நிதானமாகத்தான் பேசினார். "எல்லாருக்கும் இதேதான் தர்றோம்மா. ஒண்ணும் ஆகாது. வைரஸ் தடுப்பை நிறுத்திட்டுத் திற."

இதைக் கேட்டதும் மாஸ்டரே முகம் மாறினார். காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திற என்று யாராவது சொன்னால், நீங்கள் திறப்பீர்களா?

அப்போதுதான் மாஸ்டருக்கு ஒன்று ஞாபகம் வந்தது. குழுவில் ஆக்டோபேட் வாசிக்கும் தம்பியும் போன வாரம் அதே கடையில்தான் புது ஆக்டோபேட் வாங்கினான். அவனுக்கும் பென்டிரைவ் கிடைத்தது. அம்மா உடனே போன் போட்டார்.

"தம்பி, அந்தப் பென்டிரைவைச் செருகினியா?"

"செருகினேன் அக்கா. ஏதோ சிவப்பா வந்துச்சு. அனுமதின்னு அமுக்கிட்டேன்."

மகள் போனை வாங்கினாள். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் கணினியின் இன்டர்நெட் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அப்போது திருடிய விவரம் வெளியே போக முடியாது. அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் செய்யக் கூடாது. பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்ற வேண்டும். பாதித்த கணினியிலேயே மாற்றினால் புதுப் பாஸ்வேர்டும் போய்விடும். பிறகு வைரஸ் தடுப்பை முழுச் சோதனைக்கு விட வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். கணினி வழியாகவும் போன் வழியாகவும் நடக்கும் பண மோசடிக்கு இந்தியா முழுவதற்கும் உள்ள எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. போகிற வழியில் பணத்தை நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

வைரஸை நீக்கும் கருவிகள் இலவசமாகவும் கிடைக்கின்றன. இந்திய அரசு 2017-ல் சைபர் ஸ்வச்சதா கேந்திரா என்ற மையத்தைத் தொடங்கியது. அதன் இணையதளத்தில் அவை இருக்கின்றன. தம்பி அதைக் கேட்டு எழுதிக்கொண்டான். அவன் கணக்கில் பணம் எதுவும் போகவில்லை. ஆனால் இரண்டு நாள் தூங்கவில்லை.

இனி தாஷா சத்தத்துக்கு என்ன செய்வது? அந்தச் சத்தம் இல்லாமல் மும்பையில் ஊர்வலம் இல்லை. மகள் கையேட்டில் அச்சடித்திருந்த கம்பெனி இணையதள முகவரியைப் பார்த்து, ஓர் எழுத்துக்கூட மாறாமல் தட்டினாள். அங்கே கூடுதல் சத்தங்கள் இலவசமாகவே இருந்தன. அவற்றை வேறு பென்டிரைவில் ஏற்றினாள். வைரஸ் தடுப்பு அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. அன்று இரவே மாஸ்டர் வாசித்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வாசலில் வந்து ஆடின.

மறுநாள் மாஸ்டரும் மகளும் கடைக்குப் போனார்கள். சிவப்பு நூல் சுற்றிய பென்டிரைவும் கையில் இருந்தது. கணினி பழுது பார்க்கும் ஒருவரையும் கூட்டிப் போனார்கள். கடைக்காரர் முதலில் கோபப்பட்டார். "இருபது வருஷமா வியாபாரம் பண்றேன். நான் ஏமாத்துவேனா?" என்றார்.

"ஏமாத்தினீங்கன்னு சொல்லல அண்ணே" என்றார் மாஸ்டர். "எந்தக் கணினியில இதை ஏத்தினீங்க? அதை மட்டும் பாக்கணும்."

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. வருகிற எல்லாருக்கும் அதில்தான் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். பழுது பார்ப்பவர் தன் பையிலிருந்து வெறும் பென்டிரைவ் ஒன்றை எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று தன் லேப்டாப்பில் காட்டினார். பிறகு அதைக் கடைக் கணினியில் செருகினார். எதையும் தொடவில்லை. ஒரு நிமிடம் கழித்து எடுத்து, மறுபடியும் தன் லேப்டாப்பில் வைத்தார். சிவப்புக் கட்டம் வந்தது. வெறும் பென்டிரைவில் இப்போது ஒரு கோப்பு இருந்தது.

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. கடையின் கணக்கும் அதே கணினியில்தான் இருந்தது.

"இந்த சீசனுக்கு எத்தனை பேருக்குக் குடுத்திருப்பீங்க அண்ணே?" என்று மகள் கேட்டாள்.

அவர் பதில் சொல்லாமல் மேசை அறையைத் திறந்தார். பில் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ஒவ்வொரு பில்லிலும் இருந்த போன் எண்ணைப் பார்த்துத் தட்டத் தொடங்கினார்.